தலைமை ஆசிரியருக்கு நேரம் எங்கே?

அண்ணாமலை நகரில் நின்றுகொண்டு கல்வியைப் பற்றிப் பேசுவது எளிது. 1929-ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியல் புலம் இருக்கிறது. 1979-இல் தொடங்கப்பட்ட தொலைதூரக் கல்வி இயக்ககத்தின் வழியாகப் பட்டம் பெற்றுப் பணி உயர்வோ ஊதிய உயர்வோ அடைந்த ஆசிரியர்களைத் தமிழகத்தின் பெரும்பாலான ஒன்றியங்களில் காணலாம். ஆனால், பல்கலைக்கழக வாயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் பரங்கிப்பேட்டை, குமராட்சி, கீரப்பாளையம் ஒன்றியங்களின் பக்கம் போனால், கல்வி என்பது வேறொரு தோற்றத்தில் நம்மைச் சந்திக்கிறது. இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, நாற்பதோ ஐம்பதோ குழந்தைகள்.

இத்தகைய பள்ளிகளில் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இரண்டை எடுத்துக்கொள்வோம். பாடநூல் ஒன்று; பயிற்சிநூல் ஒன்று; காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகப்பை எல்லாம் ஒன்று. பெற்றோரின் தொழிலும் வருவாயும்கூடப் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆனாலும், ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக் குழந்தை வாய்விட்டுப் படிக்கிறது; மற்றொன்றில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வகுப்பறை ஆசிரியரிடமிருந்து என்பது முதல் விடை. அது சரியான விடையும்கூட. ஆனால், அந்த ஆசிரியர் தம் வேலையை ஒழுங்காகச் செய்வதற்கான சூழலை உருவாக்குபவர் யார் என்று கேட்டால், விரல் தலைமை ஆசிரியரை நோக்கித்தான் நீளும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பள்ளித் தலைமைக்கும் மாணவர் அடைவுக்கும் உள்ள தொடர்பு இன்று உலகம் முழுவதும் பேசப்படும் பொருள். யுனெஸ்கோ நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பொருளை மையமாக வைத்து வெளியிடும் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, 2024-ஆம் ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள் 'கல்வியில் தலைமை' என்பதாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒரு முடிவைச் சொன்னது. மாணவர் கற்றலைத் தீர்மானிப்பதில் பள்ளிக்குள் இருக்கும் காரணிகளுள் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கே உண்டு என்பதுதான் அது.

தலைமை என்றால் என்ன என்ற கேள்விக்கு, நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னும் தெளிவான விடை தருகிறது. இலக்கு வகுப்பது, வளங்களைத் திரட்டுவது, ஒழுங்கைப் பேணுவது என்று ஒரு தலைமை ஆசிரியர் செய்யும் பல பணிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றுள் மாணவர் அடைவோடு மிக வலுவாகத் தொடர்புகொண்டிருந்தது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் ஒருவராக அமர்ந்து பங்கேற்பது. சுருங்கச் சொன்னால், சுற்றறிக்கை அனுப்பும் தலைமையைவிடச் சக ஆசிரியருடன் அமர்ந்து 'இந்தக் குழந்தைக்குக் கழித்தல் ஏன் வரவில்லை?' என்று யோசிக்கும் தலைமையே குழந்தைக்குப் பயன்படுகிறது.

நிகோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் எட்டு நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் நிர்வாக முறைகளை மதிப்பிட்டு 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நல்ல நிர்வாகம் உள்ள பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி கூடுதலாக இருந்தது. அந்த எட்டு நாடுகளுள் நிர்வாக மதிப்பெண்ணில் கடைசி இடத்தில் இருந்தது இந்தியா. அந்த ஆய்வு உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியது. அதை அப்படியே தொடக்கப் பள்ளிகளுக்குப் பொருத்துவது சரியாகாது. என்றாலும், எழுத்தரும் உதவியாளரும் உள்ள பள்ளிகளின் நிலையே இதுவென்றால், யாருமே இல்லாத தொடக்கப் பள்ளியின் நிலையை நாம் யோசித்துப் பார்க்கலாம்.

சிதம்பரம் அறிந்த பாடம்

ஒரு பள்ளி அதன் தலைமையால் உருப்பெறும் என்பதற்குச் சிதம்பரம் வெளிநாட்டு ஆய்வுகளுக்காகக் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புமுறைக்கு ஏற்பப் பாலபாடங்களைத் தாமே எழுதி, அச்சகம் வைத்துத் தாமே அச்சிட்டவர் அவர். என்ன கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது என்பதில் பள்ளியை நடத்துபவருக்கு ஒரு தெளிவு வேண்டும் என்பதை அந்தப் பாலபாடங்கள் இன்றும் காட்டுகின்றன.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1916-இல், சுவாமி சகஜானந்தர் அதே ஊரில் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தில்லைக் கோயிலுக்குள் கால்வைக்க முடியாதிருந்த மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. படிக்கும் பழக்கமே மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, தங்க இடமும் உண்ண உணவும் தந்து படிக்க வைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் சட்டமன்றத்தில் இடம்பெற்றபோதும் அவருடைய அடையாளம் அந்தப் பள்ளியாகவே இருந்தது. இந்தப் பள்ளிகளின் கதையில் சொல்லப்பட வேண்டியது ஒன்று உண்டு. இவற்றை நடத்தியவர்களின் நேரமும் நினைவும் பள்ளிக்கே உரியவையாக இருந்தன.

அண்மைக்கால வரலாற்றிலும் இந்த மாவட்டத்துக்கு ஓர் இடமுண்டு. 1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தமிழகத்தில் முதல் கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் பழைய தென்னார்க்காடு மாவட்டம் ஒன்று. பெண் கல்வியில் பின்தங்கியிருந்ததே தேர்வுக்கு அடிப்படை. வட்டார வளமையம், குறுவள மையம் என்று இன்று மாநிலம் முழுவதும் உள்ள அமைப்புகளை முதலில் பழகிப் பார்த்தவர்களுள் கடலூர் மாவட்ட ஆசிரியர்களும் அடங்குவர். பள்ளிக்கு வெளியிலிருந்து பள்ளிக்கு உதவி வர வேண்டும் என்பதே அந்த அமைப்புகளின் நோக்கம். முப்பது ஆண்டுகளில் அந்த உதவி எந்த வடிவத்தை அடைந்திருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 90 வரை மூவர். 120 வரை நால்வர். 200 வரை ஐவர். குழந்தைகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால் மட்டுமே ஐந்து ஆசிரியர்களுக்கு மேல் ஒரு தலைமை ஆசிரியரைத் தனியாகச் சட்டம் கேட்கிறது. அதாவது, 150 குழந்தைகளுக்குக் குறைந்த தொடக்கப் பள்ளிக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட ஒரு தலைவர் தேவை என்று சட்டமே கருதவில்லை.

இப்போது தமிழகத்தின் கணக்கைப் பார்ப்போம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது, 31,008 அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் 15.75 லட்சம் குழந்தைகள் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குச் சராசரியாக 51 குழந்தைகள். சராசரியில் பெரிய பள்ளிகளும் அடக்கம் என்பதால், பெரும்பாலான ஊர்ப் பள்ளிகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே, தமிழகத்தின் வழக்கமான தொடக்கப் பள்ளி என்பது இரண்டு ஆசிரியர் பள்ளி. அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர்.

அந்த ஒருவரின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். காலை உணவு வந்ததா, சுவை எப்படி என்று பார்க்க வேண்டும். வருகையைச் செயலியில் பதிய வேண்டும். மதிய உணவுக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். பாடநூல், சீருடை, காலணி, வண்ணப் பென்சில் வந்து இறங்கினால் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வங்கிக் கணக்கு, ஆதார், உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம், கழிப்பறைத் தூய்மைப் பணியாளரின் ஊதியம், பழுதான மின்விசிறி எல்லாம் அவர் பொறுப்பு. எழுத்தர் பணியிடம் தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. இவற்றுக்கிடையே இரண்டு அல்லது மூன்று வகுப்புகளுக்கு அவரே வகுப்பாசிரியர்.

இதை நேரமாக மாற்றிப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி என்பது சட்டத்தின் வரையறை. தலைமை ஆசிரியர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை அலுவலக வேலைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 200 மணி. அவரிடம் படிக்கும் குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் கால் பங்கு அது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் அன்றைய ஐந்து வகுப்புகளும் எஞ்சிய ஒரே ஆசிரியரின் மேற்பார்வையில். இது யாருடைய சோம்பலாலும் நேர்வதில்லை. அமைப்பே இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

கல்வி சாராத பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. கடலூர் மாவட்டத்தில் அந்த விலக்குகளே ஒரு பெரும் வேலைப்பட்டியல். 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளம் என்று ஒவ்வொரு முறையும் கரையோரத்திலும் ஆற்றோரத்திலும் மக்கள் ஒதுங்கியது பள்ளிக் கட்டடங்களில். பள்ளியின் சாவி தலைமை ஆசிரியரிடம் இருந்தது. அது அவர் மகிழ்ச்சியோடு செய்யும் கடமை, செய்யவும் வேண்டும். ஆனால், முகாம் கலைந்து தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த புத்தகங்களுக்கு மாற்று வாங்கி, வராத குழந்தைகளை வீடுவீடாகத் தேடி, பள்ளியை மீண்டும் பள்ளியாக்கும் வேலை எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

யார் என்பதும் எதற்கு என்பதும்

தமிழகத்தில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி, இடைநிலை ஆசிரியர்களுக்குப் பணிமூப்பின் அடிப்படையில் கிடைக்கும் பதவி உயர்வு. நெடுங்காலம் இந்த முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில் இருந்தது. 2023 டிசம்பர் 21 அன்று வெளியான அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு பெற்றால் தொலைதூர மாவட்டத்துக்குப் போக நேரும், அதனால் குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியைகள் பதவி உயர்வையே துறக்க நேரும் என்று ஆசிரியர் இயக்கங்கள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. உள்ளூரை அறிந்தவர் பள்ளியை நடத்துவது பள்ளிக்கும் நல்லது.

அந்த விவாதம் அடங்குவதற்குள், 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளோர் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது அந்தத் தீர்ப்பு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பெடுத்தவர்கள் மீண்டும் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நிலை. மூப்பில் முன்னால் இருப்பவர்களே பெரும்பாலும் இந்தத் தேர்வை எழுதாதவர்கள் என்பதால், தலைமை ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது சிக்கலாகியிருக்கிறது.

இரண்டு விவாதங்களும் தேவையானவையே. ஆனால், இரண்டும் யார் தலைமை ஆசிரியராகலாம் என்பதைப் பற்றியவை. ஆனவர் என்ன செய்ய வேண்டும், அதைச் செய்ய அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் எந்த மேடையிலும் எழவில்லை. நேற்று வரை இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர் இன்று காலை வேறொரு பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்கிறார். முந்தையவர் ஒப்படைக்கும் பதிவேடுகளே அவருக்குப் பயிற்சிநூல். தகுதித் தேர்வு அவருடைய பாட அறிவைச் சோதிக்கலாம். சக ஆசிரியரின் மனம் நோகாமல் அவர் வகுப்பைப் பார்த்து ஒரு யோசனை சொல்லும் பக்குவத்தை அது சோதிக்காது.

பணிமூப்பை ஒழித்துவிட்டு நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டில் நேர்காணல் எந்த வழியில் போகும் என்பதை அறிந்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். 1981-இல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டபோது அவர்கள் அடைந்த பெரிய நிம்மதி, உள்ளூர் அரசியல் செல்வாக்கிலிருந்து கிடைத்த விடுதலை. பணிமூப்பு என்பது திறமையை அளக்கும் அளவுகோல் அன்று. ஆனால் அது பாரபட்சத்தைத் தடுக்கும் வேலி. வேலியை வைத்துக்கொண்டே உள்ளே பயிரை வளர்க்க முடியும்.

எச்சரிக்கை ஒன்று

தலைமை முக்கியம் என்று ஒப்புக்கொண்டவுடன், அரசுகளுக்கு ஒரு வழக்கமான ஆசை வந்துவிடுகிறது. பள்ளிகளை மதிப்பிடுவோம், தரவரிசை தருவோம், மேம்பாட்டுத் திட்டம் எழுதச் சொல்வோம் என்பதுதான் அந்த ஆசை. மத்தியப் பிரதேசம் அதை முறையாகச் செய்து பார்த்தது. ஏறத்தாழ 2,000 பள்ளிகளில் விரிவான மதிப்பீடு நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதப்பட்டது. தொடர் பார்வைகளும் நடந்தன. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் இருவரும் அதை ஆய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தருவது. திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. ஆனால், கற்பிக்கும் முறையிலோ குழந்தைகளின் கற்றலிலோ மாற்றம் ஏதும் இல்லை. அந்த முடிவு தெரிவதற்குள் திட்டம் 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டிருந்தது.

தமிழகம் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. தலைமை ஆசிரியரை வலுப்படுத்துகிறோம் என்ற பெயரில் மேலும் ஒரு செயலி, மேலும் ஒரு படிவம், மேலும் ஒரு காணொலிக் கூட்டம் சேர்ந்தால், இருக்கும் நேரமும் போய்விடும். அவரிடமிருந்து எதை எடுத்துவிடலாம் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். எதைக் கூடுதலாகக் கேட்கலாம் என்பது பிறகு.

நம்பிக்கை தரும் அனுபவமும் நம் மண்ணிலேயே இருக்கிறது. கரோனா காலத்தில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு மாலைநேரத் தன்னார்வலர்களுக்கு உரியது. எஞ்சியதில் பெரும்பகுதி பள்ளி மீண்டும் திறந்து நடந்ததால் வந்தது என்று கொள்வதே பொருத்தம். பள்ளி ஒழுங்காக நடந்தால் குழந்தை கற்கும் என்ற எளிய உண்மையை இதைவிடத் தெளிவாக யாரும் மெய்ப்பிக்க முடியாது.

2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். குழந்தைகளை வயதைக் கொண்டு பாராமல் கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை அது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் அறிய வேண்டும் என்பது இலக்கு. 2025 அதற்கான கெடு. 'அசர்' அறிக்கையின்படி, ஊரகத் தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2022-இல் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2024-இல் அது ஏறத்தாழ 12 ஆனது. ஐந்தாம் வகுப்பில் நான்கில் ஒரு பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. முன்னேற்றம் உண்மை, எஞ்சியிருக்கும் தொலைவும் உண்மை.

அரும்பில் இருக்கும் குழந்தை மொட்டுக்கு எப்போது போகும்? அதைத் தீர்மானிப்பது பயிற்சிநூலின் தரம் மட்டுமன்று. மூன்று மாதமாக ஒரு குழந்தை அதே நிலையில் நிற்கிறது என்பதை யாராவது கவனித்து, காரணம் தேடி, பெற்றோரைப் பார்த்துப் பேசி, அணுகுமுறையை மாற்றிப் பார்க்க வேண்டும். தகவல் மேலே சென்னைக்குப் போகிறது. அதே தகவலைப் பள்ளிக்குள்ளேயே அமர்ந்து படிப்பதற்கு ஆள் வேண்டும். பள்ளித் தலைமை என்பதன் பொருள் தொடக்கப் பள்ளியில் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவும் வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, எழுத்தர். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஒருவர் என்பது நடக்காது. ஆறு பள்ளிகளுக்கு ஒருவர் என்றால் மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 5,200 பேர் போதும். வாரத்தில் ஒருநாள் ஒரு பள்ளி என்று சுற்றிவந்து பதிவேடுகளையும் இணையப் பதிவுகளையும் முடிப்பார். அரசுக்கு இது செலவுதான். ஆனால், ஆசிரியரின் ஊதியத்தைக் கொடுத்து எழுத்தர் வேலையை வாங்குவது அதைவிடப் பெரிய செலவு என்பதை நிதித்துறை உணர வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பேற்கும் முன் பயிற்சி. கடலூர் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலம் அதிலிருந்து தொலைவில் இல்லை. 2013-இல் அரசு தன் நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்த பல்கலைக்கழகம் அது. தேசிய அளவில் பள்ளித் தலைமைக்கென ஒரு மையம் 2012 முதலே இயங்குகிறது. இவர்கள் சேர்ந்தால், பதவி உயர்வுப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கோடை விடுமுறையில் சில வாரப் பயிற்சி தருவது அரிய செயலன்று. அதில் விரிவுரையைக் குறைத்து, நன்றாக நடக்கும் பள்ளியில் ஒரு வாரம் உடனிருந்து பார்க்க வைக்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும், நல்ல பெயரோடு ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் துணை புதியவருக்குக் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள், அழைப்பதற்குத்தான் ஆளில்லை.

மூன்றாவது, குறுவள மையத்தின் பணி. இன்று அது பெரும்பாலும் பயிற்சிக் கூட்டம் நடக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. அருகருகே உள்ள பள்ளிகள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே சொன்னது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் தலைமை என்பதை ஒரே நபரின் தோளில் ஏற்றுவதைவிட, ஐந்தாறு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடிக் குழந்தைகளின் நோட்டுகளை மேசைமேல் வைத்துப் பேசுவது பயன் தரும். அந்தக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்கக் கூடாது என்பது மட்டும் விதியாக இருக்கட்டும்.

நான்காவது, வட்டாரக் கல்வி அலுவலரின் கேள்வி. அலுவலர் பள்ளிக்கு வந்ததும் எதை முதலில் கேட்கிறாரோ அதுவே பள்ளியின் முதற்கடமையாகிவிடும். பதிவேடு எங்கே என்று கேட்டால் பதிவேடு அழகாகும். 'இன்னும் படிக்க வராத குழந்தைகள் யார் யார்? அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால், அந்தக் குழந்தைகளின் பெயர்கள் தலைமை ஆசிரியரின் நாவில் நிற்கும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஐந்தாவது, பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். 2022-இல் தமிழகம் முழுவதும் இந்தக் குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கத் தொடங்கிய தாய்மார்கள், என் பிள்ளை படிக்கிறதா என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வியைத் தம்மீதான குற்றச்சாட்டாகக் கருதாமல் வரவேற்கும் தலைமை ஆசிரியருக்கு, ஊரே துணையாக நிற்கும்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலும் கட்டடம் கட்டாமலும் இருந்துவிட்டு, எல்லாம் தலைமை ஆசிரியர் கையில் என்று சொல்லி அரசு தப்பித்துக்கொள்ளாதா? தப்பித்துக்கொள்ளும், நாம் விட்டால். தலைமையைப் பற்றிய பேச்சு, அரசின் கடமையைப் பற்றிய பேச்சுக்கு மாற்றாகிவிடக் கூடாது. ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை தொடர வேண்டும். ஆனால், மூன்றாவது ஆசிரியர் வரும்வரை காத்திருக்க முடியாத ஒருவர் இருக்கிறார். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் அமர்ந்திருக்கும் குழந்தை. அடுத்த ஆண்டு அது நான்காம் வகுப்புக்குப் போய்விடும், பாடநூல் கனக்கும், இடைவெளி அகலும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறும்போது, அந்தக் குழந்தைக்குப் படிக்க வராது என்பதே அதன் அடையாளமாகிவிடும்.

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழக அரசு தனக்கென ஒரு பள்ளிக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பணிகளுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைத்தான் அழைப்பார்கள். கொள்கை ஆவணத்தின் உயர்ந்த நோக்கங்களும் கணக்கெடுப்புப் படிவமும் கடைசியில் வந்து சேரும் மேசை ஒன்றே. அது தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மேசை. அந்த மேசையில் நாளுக்கு ஒரு மணி நேரத்தையாவது குழந்தைகளின் கற்றலுக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் கணக்குக் கேட்போம். நேரத்தைக் கொடுக்காமல் கேட்கும் கணக்கு, ஏட்டில்தான் சரியாக இருக்கும்.